ஒரே முள்வேலி, இரண்டு ஆட்சிகள்: பெர்லின் நாட்குறிப்பு

முதல் நாள்: நீடர்கிர்ஷ்னர் தெரு

முற்றதிகார ஆட்சி என்று வரலாற்றாசிரியர்கள் எதைச் சொல்கிறார்கள், அத்தகைய ஆட்சிகளை எப்படி ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள் என்பதை நடந்தே பார்க்க ஏற்ற ஊர் பெர்லின். 1933 முதல் 1945 வரை நாஜி ஆட்சி. அதன்பின் சோவியத் படை நிர்வாகம். 1949 முதல் 1990 வரை நகரின் கிழக்குப் பாதியில் கிழக்கு ஜெர்மன் அரசு. மூன்றும் தங்கள் சிறைகளையும் காகிதங்களையும் ஒரே ஊரில் விட்டுப் போயிருக்கின்றன. ரயில் டிக்கெட் ஒன்று போதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

பொட்ஸ்டாமர் பிளாட்ஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ‘பயங்கரத்தின் இடவியல்’ ஆவண மையம். கட்டணம் கிடையாது. நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாபோவின் தலைமையகம் இருந்த மனை இது. அன்றைய முகவரி பிரின்ஸ் ஆல்பிரெக்ட் தெரு 8. இப்போதுள்ள மையம் 2010ல் திறக்கப்பட்டது. உள்ளே போகுமுன் வெளியே உள்ள பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள். தோண்டியெடுத்த நிலவறைச் சுவர்கள் கீழே. அவற்றுக்கு மேலே, தெருவோரம், பெர்லின் சுவரின் சுமார் 200 மீட்டர் துண்டு. இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று தலைப்பிடத் தோன்றும். அந்த அவசரம்தான் இந்தத் துறையில் முதலில் தவிர்க்க வேண்டியது.

கண்காட்சிக்குள் போகும்போது அரசியல் அறிஞர்கள் கார்ல் ஃப்ரீட்ரிஷும் ஸ்பிக்னியெவ் பிரெசின்ஸ்கியும் முற்றதிகாரத்தின் அடையாளங்கள் என்று 1956ல் முன்வைத்த பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பயன்படும். வாழ்வின் எல்லாக் கேள்விகளுக்கும் விடை வைத்திருப்பதாகச் சொல்லும் சித்தாந்தம். பெரும்பாலும் ஒரே தலைவரின் கீழ் இயங்கும் ஒற்றைக் கட்சி. பயங்கரத்தால் ஆளும் ரகசியப் போலீஸ். செய்தி ஊடகங்கள் மீது ஏகபோகம். ஆயுதங்கள் மீது ஏகபோகம். மையத்திலிருந்து இயக்கப்படும் பொருளாதாரம். இந்த ஆறும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் முற்றதிகாரம் என்றார்கள். ஓரிரண்டு மட்டும் இருந்தால் அது பழைய வகைச் சர்வாதிகாரம்.

பட்டியல் எங்கே இடறுகிறது? கட்சி, மக்கள் தொகையில் பத்து சதவீதத்தைத் தாண்டாது என்றார்கள். 1980களில் கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியில் சுமார் 23 லட்சம் பேர். நாட்டின் மக்கள் தொகையோ 1.64 கோடி. ஏறத்தாழ 14 சதவீதம். இது சிறு பிசகு. பொருளாதாரத்தில் வருவது பெரிய பிசகு. மையத்திலிருந்து வெளியே வந்து தெருவைக் கடந்தால் 1935-36ல் ஹிட்லரின் விமானத்துறை அமைச்சர் கோரிங்குக்காகக் கட்டிய அமைச்சகம் நிற்கிறது. 1936ல் அறிவித்த நான்காண்டுத் திட்டத்துக்குப் பொறுப்பாளரும் அவரே. எஃகு எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று அரசு சொன்னது. ஆனால் எஃகு தயாரித்த க்ருப், வேதிப்பொருள் தயாரித்த ஐ.ஜி. ஃபார்பன் போன்ற நிறுவனங்கள் தனியார் கையிலேயே இருந்தன, லாபமும் அவர்களுக்கே. சோவியத் ஒன்றியத்தில் ஆலையின் உரிமையாளரே அரசுதான். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே ‘ஆம்’ போட்டுவிட்டால், யார் பணம் பார்த்தார்கள் என்ற கேள்வி காணாமல் போகிறது. ஆயுத ஏகபோகமும் அப்படியே. அதை எந்த நவீன அரசுதான் கோரவில்லை?

ரகசியப் போலீஸ் என்ற வரியில்தான் நிறைய நேரம் நிற்க வேண்டும். 1937ல் கெஸ்டாபோவில் சுமார் 7,000 பேர். நாட்டில் ஏறத்தாழ 9,500 பேருக்கு ஒருவர். கிழக்கு ஜெர்மனியின் ஷ்டாசியில் 1989ல் முழுநேர ஊழியர் மட்டும் சுமார் 91,000 பேர். ஏறத்தாழ 180 பேருக்கு ஒருவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாவது ஆட்சி பல மடங்கு கொடியது என்று முடிவு கட்ட வேண்டியிருக்கும். ஆனால் லட்சக்கணக்கில், பிறகு கோடிக்கணக்கை நெருங்கும் அளவில் மனிதரைக் கொன்றது முதல் ஆட்சி. போலீசின் அளவு பயங்கரத்தின் அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சிறிய கெஸ்டாபோ எப்படிச் சமாளித்தது? அதன் கோப்புகள் பெரும்பாலும் போரின் கடைசியில் எரிக்கப்பட்டன. வூர்ட்ஸ்பர்க், டூசல்டார்ஃப் போன்ற சில இடங்களில் மட்டும் மிஞ்சின. வூர்ட்ஸ்பர்க் கோப்புகளைப் படித்த வரலாற்றாசிரியர் ராபர்ட் கெலட்லி, யூதரோடு உறவு வைத்ததாகத் தொடுத்த வழக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை பொதுமக்கள் காட்டிக்கொடுத்ததில் தொடங்கின என்று காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர், வேலையிடத்தில் போட்டியாளர், கோபித்துக்கொண்ட உறவினர். போலீஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து கடுதாசி வரக் காத்திருந்தால் போதும். ஷ்டாசியோ தகவல் சொல்பவர்களைத் தானே தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, பொய்ப்பெயர் கொடுத்து, வருடக் கணக்கில் சந்தித்துப் பழக்கியது. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வரிதான்.

எதிரே நிற்கும் கட்டடத்தையும் விட்டுவிடாதீர்கள். கோரிங்கின் அமைச்சகத்தில்தான் 1949 அக்டோபர் 7 அன்று கிழக்கு ஜெர்மனி பிரகடனம் செய்யப்பட்டது. 1953 ஜூன் 17 அன்று வேலைநிறுத்தத் தொழிலாளர்கள் திரண்டு நின்றதும் இதன் வாசலில்தான். இன்று அது நிதி அமைச்சகம். தூண் வரிசையின் உட்சுவரில் மாக்ஸ் லிங்னர் வடிவமைத்த பீங்கான் ஓட்டுச் சித்திரம், சிரித்த முகத்தோடு நடக்கும் தொழிலாளர்கள். அதன் முன்னால் தரையில் 1953 ஆர்ப்பாட்டக்காரர்களின் பெரிய புகைப்படம் பதித்திருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் நாள்: வான்சே

எஸ்-பான் ரயிலில் வான்சே நிலையம், அங்கிருந்து 114 எண் பேருந்து. ஏ-பி மண்டல டிக்கெட்டே போதும். ஏரிக்கரையில் உள்ள இந்த மாளிகையில் 1942 ஜனவரி 20 அன்று பதினைந்து பேர் கூடினார்கள். நாஜிப் பாதுகாப்புத் துறைத் தலைவர் ஹைட்ரிஷ் தலைமை, அவருக்குக் கீழ் யூதர் விவகாரத்தைக் கவனித்த ஐஷ்மன் குறிப்பெடுப்பு, கூட்டம் நடந்தது சுமார் ஒன்றரை மணி நேரம். கூட்டக் குறிப்பு முப்பது பிரதிகள் தயாரானது. மிஞ்சியது பதினாறாம் பிரதி ஒன்றுதான், 1947ல் வெளியுறவு அமைச்சகக் கோப்புகளில் கிடைத்தது.

யூதரைக் கொல்வது இங்கே முடிவானது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. 1941 ஜூனிலிருந்தே கிழக்கு முனையில் துப்பாக்கிப் படைகள் கொன்றுகொண்டிருந்தன. 1941 டிசம்பரில் போலந்தின் ஹெல்ம்னோவில் நச்சுவாயு வண்டிகள் இயங்கத் தொடங்கிவிட்டன. இந்தக் கூட்டத்தின் தேவை வேறு: உள்துறை, நீதித்துறை, வெளியுறவு, நான்காண்டுத் திட்டம், ஆக்கிரமித்த போலந்தின் நிர்வாகம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, யார் பொறுப்பு என்பதை உறுதிசெய்வது. ஐரோப்பா முழுவதற்கும் நாடுவாரியாகப் போட்டு 1.1 கோடி யூதர் என்று கூட்டிய பட்டியல் குறிப்பின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் முன் நின்று எழுத்தரின் ஒழுங்கைப் பாருங்கள்.

முற்றதிகாரம் என்றால் மேலே ஒருவர் ஆணையிட, கீழே எல்லாரும் நடக்கும் ஒற்றைப் பாறை என்ற படம் இந்த அறையில் உடைகிறது. ஒற்றைப் பாறைக்கு ஒருங்கிணைப்புக் கூட்டம் எதற்கு? கலப்புமணத் தம்பதிகளை, பாதி யூத வம்சாவளியினரை என்ன செய்வது என்பது அன்று முடியவில்லை. அதே ஆண்டு மார்ச் 6லும் அக்டோபர் 27லும் மறுபடி கூடியும் முடியவில்லை. வரலாற்றாசிரியர்கள் மார்ட்டின் ப்ரோஷாட்டும் ஹான்ஸ் மோம்சனும் இத்தகைய சான்றுகளை வைத்துத்தான், நாஜி அரசு ஒன்றோடொன்று மோதும் அதிகார மையங்களின் கூட்டம் என்றார்கள். அந்த மோதலே கொடுமையைப் படிப்படியாக ஏற்றியது என்பது மோம்சனின் வாதம். இயன் கெர்ஷா அதற்கு ஓர் இயந்திர விளக்கம் கொடுத்தார். பிரஷ்ய வேளாண் அமைச்சக அதிகாரி வெர்னர் வில்லிகன்ஸ் 1934 பிப்ரவரி 21 அன்று பேசியதை எடுத்துக்காட்டினார்: தலைவர் எல்லாவற்றுக்கும் ஆணையிட முடியாது, அவர் விரும்பும் திசையில் முந்திக்கொண்டு உழைப்பது ஒவ்வொருவரின் கடமை என்ற கருத்து. ஆணை வராமலே ஆணையை நிறைவேற்றும் அதிகாரிகள்.

இதோடு சோவியத் ஒன்றியத்தை வைத்துப் பார்க்கும்போதுதான் ஒப்பீடு பலன் தருகிறது. சோவியத் ரகசியப் போலீசான என்.கே.வி.டி. 1937 ஜூலை 30 தேதியிட்டு வெளியிட்ட ஆணை எண் 00447 மாநிலவாரியாக எண்ணிக்கை கொடுத்தது. முதல் வகையில், அதாவது சுட்டுக் கொல்ல, 75,950 பேர். இரண்டாம் வகையோடு சேர்த்து மொத்தம் 2,68,950 பேர். இரண்டாம் வகைக்கு எட்டு முதல் பத்தாண்டு முகாம் அல்லது சிறை. பிராந்தியத் தலைவர்கள் எண்ணிக்கையை உயர்த்தித் தரச் சொல்லி மாஸ்கோவுக்கு எழுதினார்கள், மாஸ்கோவும் உயர்த்திக் கொடுத்தது. கடைசியில் அந்த ஓர் ஆணையின் கீழ் சுட்டுக் கொல்லப்பட்டோர் மட்டும் சுமார் 3,87,000 பேர். கீழிருந்து வந்த ஆர்வம் இரண்டு நாட்டிலும் உண்டு. பெர்லினில் அது தெளிவில்லாத விருப்பத்தைச் சுற்றி நடந்த போட்டி. மாஸ்கோவில் எழுத்தில் ஒதுக்கிய எண், எழுத்தில் கேட்ட கூடுதல் எண்.

பயங்கரம் யார் மேல் விழுந்தது என்பதிலும் பெரிய வேறுபாடு. 1934ல் கூடிய சோவியத் கட்சியின் 17ஆம் மாநாட்டுப் பிரதிநிதிகள் 1,966 பேரில் 1,108 பேர் பின்னர் கைதானார்கள் என்று ஸ்டாலினுக்குப் பின் தலைவரான குருஷ்சேவே 1956ல் சொன்னார். கட்சியே கட்சியைத் தின்றது. நாஜிக் கட்சியில் 1934 ஜூன் 30ஐ ஒட்டி கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வின் தலைமையை வெட்டி வீழ்த்தியது தவிர அப்படியொன்று நடக்கவில்லை. இனப் பட்டியலிலும் எதிர்ப்பாளர் பட்டியலிலும் இல்லாத ஒரு ஜெர்மன் கட்சி உறுப்பினர் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். 1937ல் சோவியத் கட்சி உறுப்பினருக்கு அந்தத் தூக்கம் கிடையாது.

இன்னொருவரையும் வான்சேயில் நினைக்க வேண்டும். எர்ன்ஸ்ட் ஃப்ரெங்கல், 1938ல் தப்பிப் போகும்வரை பெர்லினில் வழக்கறிஞர். நாஜி அரசுக்குள் இரண்டு அரசுகள் உண்டென்று எழுதினார். ஒன்றில் வாடகை ஒப்பந்தம், கடன், வர்த்தக வழக்கு எல்லாம் சட்டப்படி நடக்கும். இன்னொன்றில் கெஸ்டாபோ நினைத்ததே சட்டம். ஒரு மனிதனை எந்த நிமிடத்திலும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளிவிடலாம். வணிகர்களுக்கும் பெரும்பாலான குடிமக்களுக்கும் வாழ்க்கை ஏன் வழக்கம்போல் தோன்றியது என்பதை இதைவிட நன்றாக விளக்கியவர் இல்லை. வான்சேயில் கூடிய பதினைந்து பேரில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், பலர் சட்டம் படித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மூன்றாம் நாள்: ஹன்னா அரென்ட் தெரு

இன்று குறுகிய நடை. ஐரோப்பிய யூதர் நினைவிடத்தின் 2,711 கான்கிரீட் பாளங்களின் தெற்கு விளிம்பில் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் பெயரில் ஒரு தெரு. 1933ல் இதே ஊரில் கைதாகி எட்டு நாள் காவலில் இருந்துவிட்டுத் தப்பியவர் அவர். முற்றதிகாரம் பற்றி 1951ல் வெளியான அவர் ஆய்வு பட்டியல் போடவில்லை. எதிரிகளை அடக்கப் பயங்கரத்தைப் பயன்படுத்துவது எந்தக் கொடுங்கோலனும் செய்வது. எதிர்ப்பு ஒழிந்த பிறகு பயங்கரம் ஏறுவதுதான் முற்றதிகாரத்தின் அடையாளம், அதன் மைய நிறுவனம் முகாம் என்றார். நாளை ஓரானியன்பர்க் போகும்போது இதைச் சோதிக்கலாம்.

இத்தாலி இந்தக் கதையில் எங்கே? 1923ல் எதிர்த்தரப்பு அரசியல்வாதி ஜொவன்னி அமெந்தோலா முசோலினியின் தேர்தல் தந்திரத்தைக் கண்டிக்கத்தான் முதலில் ‘முற்றதிகார அமைப்பு’ என்றார். 1925ல் முசோலினி அதையே பெருமையோடு எடுத்துக்கொண்டார். ஆனால் அங்கே மன்னர் இருந்தார், திருச்சபை தனியே நின்றது, 1943ல் கட்சியின் உயர்குழுவே முசோலினிக்கு எதிராக வாக்களித்து, மன்னர் அவரைப் பதவிநீக்கினார். ஹிட்லரையோ ஸ்டாலினையோ அப்படி நீக்கும் வழி எதுவும் இல்லை. அதனால் இத்தாலியை இந்த வகையில் சேர்ப்பதில் அரென்ட் தயங்கினார். 1938க்கு முந்தைய இத்தாலி வெறும் சர்வாதிகாரம் என்றார். பின்வந்த இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர், ஆட்சி எதை நோக்கிப் போனது என்பதைப் பார்க்க வேண்டும் என்று மறுத்திருக்கிறார்கள். ஆட்சி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, அது செய்ய முயன்றது, அதனால் முடிந்தது என்ற மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதிவைத்தால் இந்தச் சண்டையில் பாதி தீரும்.

நான்காம் நாள்: ஓரானியன்பர்க்

எஸ்1 ரயில், கடைசி நிலையம், நகர மையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓரானியன்பர்க் சி மண்டலத்தில் இருப்பதால் ஏ-பி-சி டிக்கெட் வேண்டும். ஏ-பி டிக்கெட்டோடு போய் அபராதம் கட்டும் சுற்றுலாப் பயணிகள் இந்தத் தடத்தில் நிறைய. நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை, அல்லது 804 எண் பேருந்து. சாக்சன்ஹவுசன் வதைமுகாம் நினைவிடத்துக்கு அனுமதி இலவசம். நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள், வெட்டவெளி என்பதால் தண்ணீரும் கம்பளி உடையும் எடுத்துப் போங்கள்.

முகாம் கட்டப்பட்டது 1936 கோடையில். கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் அதற்குள் நொறுக்கப்பட்டிருந்தார்கள். சிறிய, அவசர முகாம்கள் பல மூடப்பட்டு, எதிர்ப்பு இல்லாத ஒரு நாட்டில் புதிய மாதிரி முகாம் எழுந்தது. அரென்ட் சொன்னது இங்கே பொருந்துகிறது. அடுத்து வந்தவர்கள் ‘சமூகத்துக்கு ஒவ்வாதவர்’ என்று முத்திரை குத்தப்பட்டோர், ஒருபாலீர்ப்பு ஆண்கள், யெகோவா சாட்சிகள், யூதருக்கு எதிரான 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் யூதர் சுமார் 6,000 பேர். 1945 ஜனவரியில் நாஜி முகாம்கள் அனைத்திலும் 7 லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகள்.

வடிவமைத்தவர் பெர்ன்ஹார்ட் குய்ப்பர். முகாம் சமபக்க முக்கோணம்; அடிப்பக்கத்தின் நடுவில் கோபுரம் ‘ஏ’; அதன் முன் அரைவட்ட அணிவகுப்புத் திடல்; குடில்கள் விசிறியாக விரிந்தவை. ஓர் இயந்திரத் துப்பாக்கியால் எல்லா வரிசையையும் கண்காணிக்கலாம் என்பது கணக்கு. முக்கோணத்தை விரிவாக்க முடியாது என்பதுதான் அதன் கோளாறு. கைதிகள் பெருகியதும் குடில்கள் வேலிக்கு வெளியே போயின, பார்வைக் கோடு உடைந்தது. பின்வந்த முகாம்கள் இந்த வடிவத்தைப் பின்பற்றவில்லை. 1936 முதல் 1945 வரை இங்கே அடைக்கப்பட்டோர் 2 லட்சத்துக்கும் மேல். 1941 இலையுதிர்காலத்தில் சில வாரங்களுக்குள் சோவியத் போர்க்கைதிகள் குறைந்தது 10,000 பேரை, உயரம் அளப்பதாகச் சொல்லிச் சுவரோரம் நிறுத்திப் பின்னங்கழுத்தில் சுட்டார்கள். அந்த இடமும் ‘ஸ்டேஷன் இசட்’ என்ற எரிகூடத்தின் அடித்தளமும் மேற்குப் பக்கத்தில் கூரையிட்டுக் காக்கப்பட்டுள்ளன.

1945 ஏப்ரல் 22 அன்று சோவியத், போலிஷ் படையினர் முகாமை விடுவித்தார்கள். ஆகஸ்டில் சோவியத் ரகசியப் போலீஸ் இதே குடில்களில் தன் சிறப்பு முகாம் எண் 7ஐ அமைத்தது. 1948ல் அது எண் 1 ஆனது. 1950 மார்ச் வரை சுமார் 60,000 பேர் அடைக்கப்பட்டார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். உலகத்தில் முற்றதிகார ஒப்பீடு இவ்வளவு நெருக்கமாக ஒரே மண்ணில் கிடக்கும் இடங்கள் மிகச் சில. ஆகவே இங்கே நிதானம் வேண்டும்.

எப்படிச் செய்வது? இரண்டு முகாமிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். யார் உள்ளே வந்தார்கள்: முதலாவதில் அரசியல் எதிரிகள், இனத்தின் பெயரால் விலக்கப்பட்டோர், பல நாட்டுப் போர்க்கைதிகள். இரண்டாவதில் நாஜிக் கட்சியின் கீழ்மட்ட, நடுமட்டப் பொறுப்பாளர்கள் ஏராளம். கூடவே நாசவேலைச் சந்தேகத்தில் பிடித்த பதின்வயதுப் பையன்கள், புதிய ஆட்சியை எதிர்த்த சமூக ஜனநாயகவாதிகள், சோவியத் ராணுவ நீதிமன்றம் தண்டித்தவர்கள். நாஜித் திரைப்படங்களில் நடித்த புகழ்பெற்ற நடிகர் ஹைன்ரிஷ் கியோர்க் 1946ல் இங்கேதான் இறந்தார். என்ன வேலை: முதலாவதில் செங்கல் சூளையிலும் ஹைன்கல் விமான ஆலையிலும் உயிர்போகும் கட்டாய உழைப்பு. இரண்டாவதில் பெரும்பாலோருக்கு வேலையே கிடையாது, கடிதம் கிடையாது, உறவினருக்குத் தகவலும் கிடையாது, முழுத் துண்டிப்பு. எப்படிச் செத்தார்கள்: முதலாவதில் பசி, நோய், அடி, கூடவே திட்டமிட்ட கொலையும். இரண்டாவதில் கொலைக்கூடம் இயங்கவில்லை. 1946 நவம்பரில் உணவுப் பங்கீட்டைக் குறைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியும் காசநோயும் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. சாவு நடக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியும், தடுக்கவில்லை.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ‘அவர்கள் நாஜிகள்தானே’ என்று இரண்டாவது முகாமைக் கடந்துபோவது ஒன்று. பலரை விசாரணை இல்லாமல் அடைத்துவைத்தார்கள் என்பதை அது மறைக்கிறது. இதுவும் மற்றச் சிறப்பு முகாம்களும் மூடியபோது கிழக்கு ஜெர்மனியிடம் ஒப்படைத்த 3,400க்கு மேற்பட்டோருக்கு வால்ட்ஹைம் என்ற ஊரில் நடந்த ‘வழக்குகள்’ பலவும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தன. மற்றது ‘பார்த்தீர்களா, கம்யூனிஸ்டுகளும் அதையேதான் செய்தார்கள்’ என்று முதலாவதைக் கரைப்பது. அழிப்பதையே நோக்கமாகக் கொண்ட ஆட்சியின் குற்றம், வெற்றி பெற்ற படையின் கொடூர அலட்சியத்தோடு ஒரே எடையாகிவிடுகிறது. 1990ல் புதைகுழிகள் கண்டறியப்பட்டபின் இந்த இரண்டு தரப்பும் இங்கே நேருக்கு நேர் மோதின. வரலாற்றாசிரியர் பெர்ன்ட் ஃபவுலன்பாக் வகுத்த விதியைத்தான் ஜெர்மன் நினைவிடங்கள் இன்றும் பின்பற்றுகின்றன: ஸ்டாலினியக் குற்றங்களைக் காட்டி நாஜிக் குற்றங்களின் தனித்தன்மையைக் குறைக்கக் கூடாது, நாஜிக் குற்றங்களைக் காட்டி ஸ்டாலினியக் குற்றங்களை அற்பமாக்கவும் கூடாது. 1986ல் வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் நோல்டெ, ஆஷ்விட்ஸ் என்பது குலாக்குக்கு, அதாவது சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு, அஞ்சி எழுந்த எதிர்வினை என்ற பொருளில் எழுதியதும் தத்துவ அறிஞர் யூர்கன் ஹாபர்மாஸ் மறுத்ததும் இதே விவகாரத்தின் முன்கதை. நோல்டெ ஒப்பிட்டது பிழையில்லை. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்றார், அதற்கு ஆதாரம் காட்டவில்லை.

சிறப்பு முகாம் அருங்காட்சியகம் 2001ல் திறந்தது. அது முக்கோணத்துக்கு வெளியே, வடக்கு முனையில், கல் குடில்களுக்கு அருகே இருக்கிறது. நடந்து களைத்தவர்கள் பலர் அதுவரை போவதில்லை; கட்டாயம் போங்கள். நடுவில் எழும் 40 மீட்டர் தூண் கிழக்கு ஜெர்மனி 1961ல் எழுப்பியது. அதன் உச்சியில் வெறும் சிவப்பு முக்கோணங்கள், அரசியல் கைதிகளின் அடையாளம். யூதருக்கும் ரோமா மக்களுக்கும் ஒருபாலீர்ப்பாளருக்கும் அதில் இடமில்லை, சிறப்பு முகாம் பற்றி ஒரு சொல் இல்லை. நினைவுச்சின்னமே ஒரு மூன்றாம் ஆவணம்.

ஐந்தாம் நாள்: நோர்மானன் தெரு

யு5 பாதாள ரயிலில் மாக்டலேனன் தெரு நிலையம். ஷ்டாசி தலைமையகத்தின் 1ஆம் கட்டடத்தில் 1957 முதல் 1989 வரை அமைச்சராக இருந்த எரிஷ் மீல்கெயின் அறைகள் அப்படியே உள்ளன. பொத்தானில் ஒளித்த கேமராவைப் படமெடுத்துக்கொண்டு பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஒப்பீட்டுக்குப் பயன்படுவது அடுத்த கட்டடங்களில் உள்ள ஆவணக் காப்பகம்.

1990 ஜனவரி 15 அன்று மக்கள் இந்த வளாகத்துக்குள் புகுந்தார்கள். 1991 டிசம்பர் சட்டத்தின்படி 1992 ஜனவரி முதல் ஒவ்வொருவரும் தம் கோப்பைப் படிக்கலாம். மொத்தம் சுமார் 111 கிலோமீட்டர் நீளக் காகிதம். கிழித்துப் போட்டவை மட்டும் ஏறத்தாழ 16,000 மூட்டை. 1995 முதல் கையால் ஒட்டுகிறார்கள். 2021 ஜூன் முதல் எல்லாம் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில்.

ஒருவரைத் தேடும் முறை இது. எஃப்16 அட்டைப் பெட்டியில் உண்மைப் பெயர், பிறந்த தேதி, கூடவே ஒரு பதிவெண். அட்டைகள் எழுத்துக்கூட்டல் வரிசையில் இல்லை, ஒலி வரிசையில். மாயர் என்ற பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்தப் பதிவெண்ணோடு எஃப்22 பெட்டிக்குப் போனால் பொய்ப்பெயரும் வழக்கின் வகையும் தெரியும். அங்கே உண்மைப் பெயர் இருக்காது. இரண்டு அட்டையும் சேர்ந்தால்தான் ‘இன்னார்தான் தகவல் சொன்னவர்’ என்று நிறுவ முடியும். ஒற்றை அட்டையைக் காட்டி ஒருவரை ஆள்காட்டி என்று குற்றம்சாட்டிய செய்திகள் ஜெர்மனியில் பலமுறை தடுமாறியது இதனால்தான். கண்காணிக்கப்பட்டவருக்கும் எஃப்16ல் அட்டை உண்டு.

ஒப்பிடுபவர் கவனிக்க வேண்டிய சிக்கல் இங்கே பெரியது. கெஸ்டாபோவின் காகிதம் பெரும்பாலும் எரிந்தது. ஷ்டாசியின் காகிதம் பெரும்பாலும் பிழைத்தது. சோவியத் காப்பகங்கள் 1991க்குப் பின் திறந்தன, பிறகு பகுதி பகுதியாக இறுகின. அதிகக் காகிதம் உள்ள ஆட்சி அதிகம் வேவு பார்த்ததாகத் தோன்றும். ஆக, 1989ல் 1,89,000 அளவில் இருந்த ஷ்டாசியின் தகவலாளர்களைக் கெஸ்டாபோவோடு எண்ணிக்கையில் ஒப்பிடுவதே கடினம், கெஸ்டாபோவின் தகவலாளர் பட்டியல் முழுதாக இல்லை. முழுநேர ஊழியர் எண்ணிக்கை இரண்டு பக்கமும் கிடைக்கிறது, அதனால் முதல் நாளில் அதை மட்டும் பயன்படுத்தினோம். அடுத்தது, தகவலாளர் அறிக்கை என்பது அதிகாரி கேட்க விரும்பியதை எழுதியது. பதவி உயர்வுக்காக அதிகாரிகளே ஊதிப் பெருக்கியதும் உண்டு. ஒரே சம்பவத்துக்கு இரண்டு தகவலாளர் அறிக்கை கிடைத்தால் மட்டுமே அதை நம்பி எழுதுங்கள்.

ஆறாம் நாள்: ஹோஹென்ஷூன்ஹவுசன்

எம்5 டிராமில் ஃப்ரையன்வால்டர் தெரு, அங்கிருந்து பத்து நிமிட நடை, கென்ஸ்லர் தெரு 66. சிறைக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும்.

பழைய கட்டடத்தின் நிலவறையை ‘நீர்மூழ்கி’ என்பார்கள். ஜன்னலில்லாத அறைகள், மரப்பலகை, ஒரு வாளி, அணையாத விளக்கு. 1940களின் கடைசியில் சோவியத் விசாரணையாளர்கள் இங்கே தூங்கவிடாமலும் அடித்தும் வாக்குமூலம் வாங்கினார்கள். 1951ல் ஷ்டாசி பொறுப்பேற்றது. 1950களின் கடைசியில் கட்டிய புதுக் கட்டடத்தில் கட்டில், கழிப்பறை, கண்ணாடிக் கல் ஜன்னல் எல்லாம் உண்டு. அடி குறைந்தது. தனிமை வந்தது. நடைகூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் கைதி சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், இன்னொரு கைதியின் முகம் தெரியக் கூடாது. மூடிய வேனில் ஊரைச் சுற்றிக் கொண்டுவந்ததால் எங்கே இருக்கிறோம் என்றே பலருக்குத் தெரியாது. நகர வரைபடத்தில் இந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. சிறைக்கு வெளியிலும் அதே போக்கு. 1976 ஜனவரியின் 1/76 ஆணை, கைது செய்யாமலே ஒருவரின் வேலையை, மணவாழ்வை, நட்பைச் சிதைக்கும் வழிகளை விதியாக எழுதியது.

ஒரே வளாகத்துக்குள் அமைப்பு மாறிவிட்டது. 1956ன் பட்டியல் இதைக் காட்டாது. அதற்கு நிலவறையும் புதுக் கட்டடமும் ஒன்றே. அரசியல் அறிஞர் ஹ்வான் லின்ஸ் முதலில் ஸ்பெயினை ஆராய்ந்து எதேச்சாதிகாரத்தை முற்றதிகாரத்திலிருந்து பிரித்தார்: வரம்புக்குட்பட்ட பன்மை, எல்லாவற்றையும் விளக்கும் சித்தாந்தம் இல்லாமை, மக்களைத் திரட்டாமல் வீட்டில் இருக்கவிடுவது. 1996ல் ஆல்ஃபிரட் ஸ்டெப்பானோடு சேர்ந்து, ஸ்டாலினுக்குப் பிந்தைய கிழக்கு ஐரோப்பாவுக்கு முற்றதிகாரத்துக்குப் பிந்தைய நிலை என்று தனிப் பெட்டி ஒதுக்கினார். வரலாற்றாசிரியர் யூர்கன் கோக்கா, கிழக்கு ஜெர்மனியில் ஆட்சி சமூகத்தின் இண்டு இடுக்கெல்லாம் ஊடுருவிய நிலையை வலியுறுத்தினார். இன்னொரு வரலாற்றாசிரியர் மேரி ஃபுல்ப்ரூக், லட்சக்கணக்கான சாதாரண மக்கள் சிறு பொறுப்புகளில் பங்கேற்றதால் அது நின்றது என்றார். என் பார்வையில் 1953க்கு முந்தைய கிழக்கு ஜெர்மனிக்கு லின்ஸ் சொல்லும் முற்றதிகாரம் பொருந்தும், 1970களுக்கு ஃபுல்ப்ரூக் அதிகம் விளக்குகிறார்; ஆனால் பெர்லின் சுவரில் இறந்த குறைந்தது 140 பேரையும், பணத்துக்கு மேற்கு ஜெர்மனியிடம் கைமாற்றப்பட்ட சுமார் 33,000 அரசியல் கைதிகளையும் அந்த விளக்கத்துக்கு அருகிலேயே எழுதிவைக்க வேண்டும். பங்கேற்க மறுத்தவர்களுக்கு வெளியேறும் கதவு இல்லை.

இங்கே வழிகாட்டிகளில் பலர் முன்னாள் கைதிகள். அவர்கள் பேச்சைக் கேட்பது இந்த ஊரில் கிடைக்கும் பெரும்பேறு. இப்போதுள்ளவர்களில் பெரும்பாலோர் 1970களிலும் 1980களிலும் அடைபட்டவர்கள். நிலவறையைப் பற்றி அவர்கள் சொல்வது பிறர் எழுதிவைத்த சாட்சியம், புதுக் கட்டடத்தைப் பற்றிச் சொல்வது சொந்த அனுபவம். நடை தொடங்கும்போதே, எந்த ஆண்டு, எத்தனை மாதம், எந்தப் பகுதியில் இருந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தயங்காமல் சொல்வார்கள்.